19 வருடம் குந்தியிருந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலர் முழுதாக ஒரு ஆட்டம்கூடப் பார்த்திருக்க மாட்டோம். சரி, விக்கெட் கீப்பரைத் தெரியும் அல்லவா? அங்கிருந்தே தொடங்கலாம். மட்டைக்காரருக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு குந்தியிருப்பவரை பேஸ்பாலில் கேட்சர் என்பார்கள். இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் அவரும் கீப்பரும் ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. அடுத்து என்ன பந்து, எந்த இடத்தில் என்று பெரும்பாலும் கேட்சர்தான் சொல்கிறார். 2022இல் மின்னணுக் கருவி வரும்வரை, தொடைகளுக்கு நடுவே விரல்களை நீட்டி, எதிரணிக்குத் தெரியாமல் சொல்வார். பந்தை வீசும் பிட்சர் தலையை ஆட்டிவிட்டு வீசுவார். களத்தில் உள்ள 9 பேரில் 8 பேர் மட்டைக்காரரைப் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர் மட்டும் அந்த 8 பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வேலையை 2004 முதல் 2022 வரை ஒரே அணிக்காகச் செய்தவர் யாடியர் மோலினா. அணி, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். 2,184 ஆட்டங்களில் கேட்சராக இருந்தார். ஒரே அணிக்கு இத்தனை ஆட்டம் கேட்சராக ஆடியவர் வேறு யாரும் இல்லை.

போர்ட்டோ ரிக்கோ தீவில் 1982இல் பிறந்தவர். அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. வேலை முடிந்ததும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுப்பார். பெங்கி, ஹோசே, யாடியர் என்று மூன்று மகன்கள். மூன்று பேருமே அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் கேட்சர் ஆனார்கள், அதன் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்ற மோதிரம் மூன்று பேரிடமும் இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று கேட்சர் என்றால் துணிமணி துவைத்த அம்மாவின் பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். 2008 அக்டோபரில், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதே மைதானத்தில் விழுந்து இறந்துபோனார் அப்பா.

உடம்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி கிட்டத்தட்ட 150 பந்து வீசும். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். 2,184 ஆட்டத்துக்கு என் தோராயக் கணக்கில் மூன்று லட்சம் தடவை. நாம் பத்துத் தடவை செய்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொள்வோம். கேட்சரின் கவசங்களுக்கு 'அறியாமையின் கருவிகள்' என்று ஆட்டக்காரர்களே ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவன் இதை மாட்டுவானா என்பது அதன் உட்பொருள். 2018 மே மாதம், மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி வந்த ஒரு பந்து மட்டையில் உரசி மோலினாவின் இடுப்புக்குக் கீழே தாக்கியது. அன்றிரவே அறுவை சிகிச்சை. ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். தடுப்பாட்டத்தில் சிறந்தவர்களுக்குத் தரும் தங்கக் கையுறை விருதை அந்த வருடமும் வாங்கினார். அது அவருக்கு ஒன்பதாவது.

அவர் பெரிய மட்டைக்காரர் இல்லை. ஓட்டமும் ஆமை வேகம்தான். அவர் பேர் வாங்கியது கையால். ரன் எடுக்க ஓடுபவர் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிய இடங்களை பேஸ் என்பார்கள். பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடுவது இந்த ஆட்டத்தில் சட்டப்படி சரி. அப்படி ஓடியவர்களில் பத்தில் நான்கு பேரை மோலினா எறிந்தே வீழ்த்தினார். ஆனால் இந்தக் கணக்கு பாதி உண்மைதான். பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் பலர் ஓடவே மாட்டார்கள். ஓடாதவர்களை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

2006 அக்டோபர், நியூயார்க். உலகத் தொடருக்கு முந்தைய படியான தேசிய லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், மெட்ஸ் அணிக்கு எதிராக. அந்த சீசனில் மோலினாவின் மட்டைச் சராசரி வெறும் .216, அதாவது பத்து முயற்சிக்கு இரண்டு நல்ல அடிதான். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரே, நம் சிக்சர் மாதிரி, இரண்டு ரன் தரும் ஹோம் ரன் அடித்து 3-1 என்று முன்னிலை வாங்கிக்கொடுத்தார். பேசப்பட வேண்டியது அதற்கு அப்புறம் நடந்தது. மெட்ஸின் முறை. மூன்று பேஸிலும் ஆள், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு கார்லோஸ் பெல்ட்ரான். வீசுபவர் ஆடம் வெயின்ரைட், அனுபவம் குறைந்த பையன். மோலினா எழுந்து அவரிடம் நடந்துபோய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். முதல் பந்து, எதிர்பாராத மெதுவான பந்து. ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அடுத்தது வளைந்து விழ, பெல்ட்ரான் வெளியே தட்டிவிட்டார், அதுவும் ஸ்ட்ரைக்தான். மூன்றாவதும் வளைந்து விழுந்தது. மட்டையை அசைக்காமல் நின்றார் பெல்ட்ரான். மூன்றாவது ஸ்ட்ரைக். ஆட்டம் முடிந்தது. அந்த வருடம் உலகத் தொடரையும் கார்டினல்ஸ் வென்றது, 2011இல் மறுபடியும்.

அந்த வெயின்ரைட்டும் மோலினாவும் பிட்சர், கேட்சர் ஜோடியாக 328 ஆட்டங்களைத் தொடங்கினார்கள். டெட்ராய்ட் அணியின் லோலிச், ஃப்ரீஹன் ஜோடி 1975இல் விட்டுச்சென்ற 324 என்ற எண்ணிக்கையை 2022 செப்டம்பரில் தாண்டினார்கள். ஒரு பிட்சரும் ஒரு கேட்சரும் இத்தனை காலம் விற்கப்படாமல் ஒரே அணியில் இருப்பது இன்றைய வியாபாரத்தில் நடக்கிற காரியமா என்ன?

அந்த வருடக் கடைசியில் மோலினா ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வில்சன் கோன்ட்ரெராஸ் வந்தார். நல்ல அடிக்காரர், ஐந்து வருடத்துக்கு எட்டே முக்கால் கோடி டாலர் ஒப்பந்தம். 2023 சீசன் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, கேட்சர் வேலையிலிருந்து அவரைக் கொஞ்ச நாள் விலக்கி, மட்டை மட்டும் பிடிக்கச் சொன்னது அணி நிர்வாகம். பத்து நாளில் திரும்ப உட்காரவைத்தார்கள். பாவம், அவர் மேல் முழுப் பழியைப் போடுவது நியாயமில்லை. பிட்சர்கள் 19 வருடமாக ஒரே ஆளின் விரல்களைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். 41 வயது வெயின்ரைட்டின் பேரில் அந்த வருடம் எழுதப்பட்டது 5 வெற்றி, 11 தோல்வி. அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது.

வணக்கம்.