தாங்கி நிற்பது ஊர்தான்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பு நண்பர்களே, வெளியே இவ்வளவு குளிரிலும் அரங்கு நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'இங்கிலாந்துக் கிராமத்தில் கிறிஸ்துமஸைத் தாங்கி நிற்பது தேவாலயமா, ஊரா?' இதுதான் இன்றைய தலைப்பு. ஊர்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா அழகாகப் பேசினார். பெத்லகேம் கதையைச் சொல்லித் தந்தது தேவாலயம், பாட்டும் மணியோசையும் அங்கிருந்து வந்தவை, தேவாலயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வான்கோழி விருந்து மட்டும்தான் என்றார். முதல் இரண்டையும் மனதார ஒப்புக்கொள்கிறேன். தேரில் வீற்றிருப்பது சாமிதான், அதில் என்ன சந்தேகம்? ஆனால் வடம் பிடிப்பது யார் என்பதல்லவா நம் முன்னால் இருக்கும் கேள்வி? மூன்றாவதாக ஐயா சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தேவாலயத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற சோதனையை இந்த நாட்டு வரலாறு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

1647 ஜூன் மாதம் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே ஒழித்துச் சட்டம் போட்டது. வேதத்தில் இல்லாத சடங்குகளை எல்லாம் ஒழிக்க நினைத்த ப்யூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கை ஓங்கியிருந்த காலம். டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அன்று பண்டிகை ஆராதனை கூடாது, கடைகளை மூடக் கூடாது. ஊர் சும்மா இருந்ததா? அந்த டிசம்பரிலேயே கேன்டர்பரியில் மேயர் கடையைத் திறக்கச் சொல்ல, மக்கள் வாசலில் ஹாலி இலைக் கொத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிக் கலகமே செய்தார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியபோது பண்டிகையும் திரும்பியது. நடுவில் பதின்மூன்று வருடம். அத்தனை வருடமும் வீட்டுக்குள் அந்த நினைப்பைக் காப்பாற்றி வைக்காமல் இருந்திருந்தால் திரும்பி வருவதற்கு என்ன மிஞ்சியிருக்கும், நடுவர் அவர்களே?

சரி, அது அரசாங்கம் செய்த வேலை, தேவாலயத்தின் மேல் பழி போடக் கூடாது என்பீர்கள். அப்படியானால் என்னோடு தெற்கு யார்க்ஷயருக்கு வாருங்கள். அங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஷெஃபீல்டு நகருக்கு வடமேற்கே மேட்டு நிலத்தில் டங்வொர்த், ஸ்டானிங்டன், வொரல் என்று சில ஊர்கள். இருநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களில் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மரப் பரண் இருக்கும். ஊர்க்காரர்கள் அதில் ஏறி நின்று பாடுவார்கள். ஒருவர் ஃபிடில் வாசிப்பார், ஒருவர் கிளாரினெட் ஊதுவார். ஒரு குரல் முன்னால் ஓட, இன்னொரு குரல் துரத்திப் பிடிக்க, நாலு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற பாட்டு அது. அதற்கு மெட்டுப் போட்டவர்களும் பெரிய சங்கீத மேதைகள் இல்லை. தாமஸ் கிளார்க் என்பவர் கேன்டர்பரியில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவர் போட்ட 'கிரான்புரூக்' என்ற மெட்டு 1805இல் அச்சானது. இரவில் மந்தையைக் காத்த மேய்ப்பர்களைப் பற்றி நாஹும் டேட் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டை அந்த மெட்டில் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

விக்டோரியா காலத்துச் சீர்திருத்தக் குருமார்களுக்கு இந்தப் பரண் பாட்டு பிடிக்கவில்லை. ஆலயத்துக்குள் அடக்கம் வேண்டும் என்றார்கள். பரணை இடித்தார்கள். ஃபிடில் வெளியே போனது, ஆர்கன் உள்ளே வந்தது, வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு வந்தது. 1861இல் வெளிவந்த புதிய பாமாலை நூல் நாடு முழுக்கப் பரவியது. ஊர் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மெட்டுகளுக்கு ஆலயத்தில் இடமில்லாமல் போயிற்று. அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

அந்தப் பாட்டுகள் செத்துவிட்டனவா? இல்லை. ஊர்க்காரர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு பப்புக்கு, அதாவது ஊர் மதுக்கடைக்குப் போனார்கள். இன்றும் நவம்பரில் போர்வீரர் நினைவு ஞாயிறு முடிந்த கையோடு தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரை, டங்வொர்த்தில் ராயல் ஓட்டல் என்ற பப்பில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கூட்டம் நெருக்கியடிக்கும். நிற்க இடமிருக்காது. பலர் கையில் புத்தகம்கூட இருக்காது. தாத்தாவிடம் கேட்ட மெட்டைப் பேரன் பாடுகிறான். நாஹும் டேட்டின் பாட்டு 1700இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பாடல் தொகுப்பில் சேர்ந்தது. வழிபாட்டில் பாட அனுமதி பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டாக நெடுங்காலம் அது ஒன்றுதான் இருந்தது. திருச்சபை தந்தது ஒரே பாட்டு. அதற்கு இந்த வட்டாரத்து ஊர்களில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மெட்டுகள் உண்டு! இயன் ரஸ்ஸல் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் அந்தப் பப்புகளில் உட்கார்ந்து இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். திருச்சபை வேண்டாம் என்று விட்டதை ஊர் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தது. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா எனக்கு?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அம்மா, வேதத்தின் ஒன்பது பகுதிகளைப் படித்து இடையிடையே பாட்டுப் பாடுகிற 'ஒன்பது வாசகங்களும் கீதங்களும்' என்ற ஆராதனையை எடுத்துக்காட்டினார். நியாயமான உதாரணம். 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, கார்ன்வாலில் ட்ரூரோ பேராலயம் கட்டிக்கொண்டிருந்த நேரம், ஒரு தற்காலிக மரக் கொட்டகையில் பேராயர் எட்வர்ட் பென்சன் அதை நடத்தினார். 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது, 1928இல் பிபிசி ஒலிபரப்பியது, உலகம் முழுக்கப் போனது. ஆனால் அம்மா, பென்சன் செய்த புதுமை என்ன என்று பாருங்கள். வாசகங்களைக் குருமார் மட்டும் படிக்க வேண்டாம், பாடகர் குழுச் சிறுவனில் தொடங்கிப் பேராயர் வரை ஆளுக்கு ஒன்று படிக்கட்டும் என்றார். கிராமத்துக்கு வந்தபோது அது இன்னும் விரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று, பால் பண்ணைக்காரர் ஒன்று, ஊராட்சித் தலைவர் ஒன்று, பப் நடத்துகிறவர் ஒன்று என்று படிக்கிறார்கள். சிவன் கோயிலுக்குப் போகிற என்னிடம் வந்து, 'மூன்றாவது வாசகம் நீங்கள் படிக்கிறீர்களா?' என்று கேட்டார்கள் எங்கள் ஊரில். ஏசாயா ஒன்பதாம் அதிகாரம். 'இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்.' நான் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரி என்பது போதுமாக இருந்தது. நன்றியோடு சொல்கிறேன்.

டிசம்பர் 24 அன்று வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயங்கள். கிராமப்புறத்தில் ஒரே குருவானவர் ஐந்து, ஆறு, சில இடங்களில் பத்துக்கும் மேற்பட்ட ஊர்களைப் பார்க்கிறார். நடுஇரவு ஆராதனை இந்த ஊரில், காலை ஆராதனை அந்த ஊரில் என்று பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். இருட்டில், குறுகலான சந்துச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு ஓடுகிற அந்தக் குருவானவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வந்து சேர்வதற்கு முன்னால் அந்தக் குளிர்ந்த கல் கட்டடத்தில் ஹீட்டரைப் போட்டது யார்? மரத்தைக் கொண்டுவந்து நட்டது யார்? ஜன்னல் மாடங்களில் ஹாலியும் ஐவியும் வைத்தது, பிள்ளைகள் தலையில் துண்டைக் கட்டி மேய்ப்பர் ஆக்கியது, மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டது, கயிறு பிடித்து மணி அடித்தது எல்லாம் யார்? அந்த மணிக் கோபுரத்தில் நிற்கும் பலர் ஆராதனைக்கே வராதவர்கள். 2020 கிறிஸ்துமஸுக்குத் தொற்று காரணமாக ஆலயத்துக்குள் சபையார் பாடக் கூடாது என்றபோது, ஊர்கள் வெளியே நின்று பாடின.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பலிபீடம் இருக்கிற கிழக்குப் பகுதியைக் குருவானவர் பராமரிக்க வேண்டும், மக்கள் கூடுகிற நடுக்கூடத்தை ஊர் பராமரிக்க வேண்டும் என்பது இடைக்காலத்திலேயே இருந்த வழக்கம். ஹெரிஃபர்டுஷயரில் யார்ப்போல் ஊர்க்காரர்கள் அந்த வழக்கத்தை நம் காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் மளிகைக் கடையையும் தபால் அலுவலகத்தையும் 2009இல் தேவாலயத்துக்குள்ளேயே திறந்தார்கள். முட்டை வாங்கப் போகிறவரும் ஜெபிக்கப் போகிறவரும் நுழைவது ஒரே கட்டடத்துக்குள். அது எனக்கு மிகவும் பிடித்த ஊர்.

இப்போது மௌசல். கார்ன்வால் கடற்கரையில் ஒரு சின்ன மீனவர் ஊர். 1960களிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் துறைமுகம் முழுக்க விளக்கு அலங்காரம் செய்கிறார்கள். பணமும் உழைப்பும் ஊருடையவை. 1981இல் ஷிப் இன் என்ற பப்பை நடத்திய சார்லி கிரீன்ஹா விளக்குகளைப் போட்டு வைத்தார். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 19 இரவு, பெரும் புயல். யூனியன் ஸ்டார் என்ற கப்பல் எந்திரம் நின்று பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. உயிர்காப்புப் படகில் போகத் தயாராக ஊர் ஆண்கள் ஓடி வந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரை ஏற்ற மாட்டேன் என்று ஓர் இளைஞரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார் படகுத் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ். அந்த இளைஞரின் தந்தை ஏற்கெனவே படகில் இருந்தார். எட்டுப் பேர் போனார்கள். எட்டுப் பேரும் திரும்பவில்லை. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. படகில் போனவர்களில் சார்லி கிரீன்ஹாவும் ஒருவர்.

ஊர் விளக்கை அணைத்தது. யாருக்கு மனம் வரும்? மூன்று நாள் கழித்து சார்லியின் மனைவியே கேட்டுக்கொண்டார், விளக்கைப் பழுது பார்த்துத் திரும்பப் போடுங்கள் என்று. போட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் எரிகிறது. டிசம்பர் 19 இரவு எட்டு மணிக்கு மட்டும் ஒரு மணி நேரம் அணைத்து வைக்கிறார்கள். அந்தத் துயரத்தில் தேவாலயம் அவர்களோடு ஜெபித்தது, அழுதது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வருடம் அந்த ஊருக்குக் கிறிஸ்துமஸ் உண்டு என்று முடிவு செய்தவர், கணவரைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண். எந்தப் பிரசங்க மேடையிலிருந்தும் அந்த முடிவு வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடிக்கிறேன். சோதனையைத் திருப்பியும் செய்து காட்டிவிடுகிறேன். ஊரை எடுத்துவிட்டால் தேவாலயம் நிற்குமா? வடக்கு யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்ற ஊரைப் போய்ப் பாருங்கள். ஆட்டு மேய்ச்சலுக்காக ஊரைக் காலி செய்தார்கள், 1500 வாக்கில் குடிகள் இல்லாமல் போயின. தேவாலயம் மட்டும் நின்றது. எப்படி நின்றது? பக்கத்து திக்ஸென்டேல் ஊர்க்காரர்கள் குன்றைத் தாண்டி நடந்து வந்தார்கள், அதனால் நின்றது. 1870இல் திக்ஸென்டேலுக்குச் சொந்த ஆலயம் கிடைத்தது. 1949இல் வாரம் பெர்சியில் கடைசி ஆராதனை. பத்து வருடத்தில் கோபுரத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இன்று கூரையில்லாத சுவர்கள்தான் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துமஸ் இரவில் ஆலயம் நிரம்பி வழிவதே விசுவாசத்தின் வெற்றி என்றார் அம்மா. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46.2 சதவீதம். மதம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். அந்த 37 சதவீதத்திலிருந்தும் அன்று இரவு வந்து உட்காருகிறார்கள், கூரை ஒழுகினால் பணம் போடுகிறார்கள். இதைத் திருச்சபையின் சட்டமே அறிந்திருக்கிறது. ஆலயத்தின் பாத்திரம் பண்டங்களுக்குப் பொறுப்பான சர்ச் வார்டன்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டன் ஆகிறவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுகிறவருக்கு அந்த நிபந்தனை இல்லை. அந்த ஆலயத்தின் சேகர எல்லைக்குள், அதாவது அதன் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதிக்குள் குடியிருந்து, உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். கிறிஸ்தவர், நாத்திகர், என்னைப் போன்ற சைவக் குடும்பத்துப் பெண், யாரும் போடலாம். தன் பொருளை யார் கையில் ஒப்படைப்பது என்று தேவாலயமே ஊரைக் கூட்டிக் கேட்கிறது. அந்த ஓட்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.