22 மில்லிமீட்டர் வளையத்தைக் காட்டி மயக்காதீங்க!

வணக்கம் மக்களே. இந்த வாரமும் அதே படம்தான். யாரோ பகிர்ந்த ஆய்வகப் படம்: அகார் (கிருமி வளர்க்கற கூழ்) தட்டு, நடுவுல மூலிகைச் சாறு ஊத்துன குழி, சுத்தி பாக்டீரியா வளராத வளையம், பக்கத்துல ஸ்கேல். கூடவே, "22 மில்லிமீட்டர், சிப்ரோஃப்ளாக்சசினை விடப் பெருசு, எம்ஆர்எஸ்ஏவுக்கு மூலிகை ரெடி!"ன்னு ஒரு வரி. சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு ஆண்டிபயாட்டிக், எம்ஆர்எஸ்ஏங்கறது பல ஆண்டிபயாட்டிக்குக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா. எனக்கும் இந்த வளையத்துக்கும் ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்க. ஒப்பிட வைக்கற சிப்ரோ காகித டிஸ்க்ல இருக்கறது 5 மைக்ரோகிராம். குழில ஊத்துன சாறு மில்லிக்கு 100 மில்லிகிராம்னு கரைச்சது, அதுல 100 மைக்ரோலிட்டர். அப்போ 10 மில்லிகிராம். 2000 மடங்கு! அதுவும் எம்ஆர்எஸ்ஏ பல சமயம் சிப்ரோவுக்கு மசியாத கிருமி. ஏற்கெனவே விழுந்து கிடக்கறவனோட ஓடி ஜெயிச்சதுக்கு எதுக்குங்க மாலை? இன்னொரு பக்கம், எண்ணெய்ல கரையற மூலக்கூறு அகார்ல நகரவே நகராது. நல்ல சரக்கா இருந்தும் வளையம் சின்னதா நிக்கும்.

வளையத்துக்குப் பதிலா எம்ஐசி போடுங்க, அதாவது கிருமி வளர்றதை நிறுத்தற மிகக் குறைஞ்ச அளவு. 96 குழி தட்டு. சாறை முழுசா உலர்த்தி, எடை பாத்து, டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைங்க. பாக்டீரியா சேர்த்த பிறகு முதல் குழில மில்லிக்கு 1024 மைக்ரோகிராம், அப்புறம் பாதி பாதியா பத்தாவது குழில 2. பதினொண்ணுல சாறு இல்லாம கிருமி, பன்னெண்டுல கிருமி வளர்க்கற ஊட்டத் திரவம் மட்டும். கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் (கிருமி எவ்வளவுன்னு கலங்கலை வச்சுச் சொல்ற அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்து, குழில கடைசியா மில்லிக்கு 5 லட்சம் இருக்கற மாதிரி நீர்த்துக்கணும். 35 டிகிரி, 16 முதல் 20 மணி நேரம்.

இப்பதான் என் எரிச்சல். செடிச் சாறே பழுப்பு, கலங்கலா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது. சரி, ரெசாசுரின்ங்கற சாயம் விடுவோம், நீலமா இருந்தா வளரல, இளஞ்சிவப்பானா வளர்ந்துச்சு. ஆனா பாலிஃபீனால்ங்கற செடிப் பொருள் நிறைஞ்ச சாறு கிருமியே இல்லாமலும் அந்தச் சாயத்தை இளஞ்சிவப்பாக்கிடலாம்! நல்ல சாறைத் தப்பாத் தூக்கிப் போட்டுடுவீங்க. அதனால ஒவ்வொரு அளவுக்கும் கிருமி சேர்க்காத சாறு மட்டும் ஒரு வரிசை. சோம்பேறித்தனம் வேண்டாம். சந்தேகம்னா அந்தக் குழிலருந்து ஒரு சொட்டு எடுத்து வெறும் அகார்ல விட்டுப் பாருங்க. காலனி வந்தா கிருமி செத்துடல.

அட, ஒண்ணு விட்டுட்டேன். டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழி! கடைசி அளவு 1 சதவீதத்தைத் தாண்டாம வைங்க. அது இல்லாம கொன்னது செடியா கரைப்பானான்னு யாருக்குத் தெரியும்?

இப்போ எனக்குப் பிடிச்ச கதை. பெர்பெரிஸ் செடில இருக்கற பெர்பெரின் ஸ்டாஃபிலோகாக்கஸ்கிட்ட சொதப்பும். கிருமியோட செல் சவ்வுல இருக்கற நார்ஏங்கற பம்ப் அதை வெளிய தள்ளிடுது. 2000-ல வெளியான ஆய்வுல, அதே செடி 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின்னு ஒண்ணையும் செய்யறது தெரிஞ்சுது. அது தனியா ஒரு கிருமியையும் கொல்லாது, பம்ப்பை மட்டும் அடைக்கும். ரெண்டும் சேர்ந்தா பெர்பெரின் உள்ளயே தங்கி வேலை செய்யும். வளையம் வச்சு வடிகட்டுனா இந்த மூலக்கூறு முதல் நாளே குப்பைல!

அதனால தனியா எம்ஐசி வராத சாறைக் கீழ கொட்டாதீங்க. செக்கர்போர்டு போடுங்க, நேர் வரிசைல சாறு, குறுக்கு வரிசைல ஆண்டிபயாட்டிக். சாறு, ஆண்டிபயாட்டிக் ரெண்டுக்கும் தனித்தனியா, சேர்ந்தப்ப வந்த எம்ஐசியைத் தனி எம்ஐசியால வகுத்து, ரெண்டு விடையையும் கூட்டுங்க. 0.5 அல்லது அதுக்குக் கீழன்னா கூட்டு வேலை செய்யுது. 0.7, 0.8 வந்தா அதை ஜெயிச்ச கணக்குல சேர்க்காதீங்க, தட்டை மறுபடி போடுங்க.