பகல் 11 மணிக்கு நம் தெரு

(தவளக்குப்பத்தை ஒட்டிய ஒரு நகரின் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நம் நகரில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். "அமைதியா இருக்கு" என்ற பதில்தான் எல்லாருக்கும் முதலில் வரும். வீடு பார்க்க வருகிறவர்களிடம் நாம் சொல்வதும் அதைத்தான். நானும் 1996-ல் இங்கே மனை வாங்கியபோது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினேன். அந்த அமைதி என்ன என்பது புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நாம் இருப்பது கடலூர் சாலையில். வடக்கே பாண்டி சுமார் 10 கிலோமீட்டர். தெற்கே கடலூர் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டு ஊருக்கும் நடுவே நேர் ரயில் கிடையாது. பாண்டிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது என்றாலும், ரயிலில் கடலூர் போக வேண்டுமென்றால் விழுப்புரம் போய்த்தான் சுற்ற வேண்டும். அதனால் நம் வாழ்க்கை முழுக்க பஸ், டெம்போ, டூ வீலர்தான். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே நம் முனையில் நின்று பாருங்கள். ஜிப்மருக்கு ஒருத்தர், பாண்டி மேட்டுப்பாளையம் கம்பெனிக்கு ஒருத்தர், செயலகத்துக்கு ஒருத்தர். எல்லாருக்கும் நோணாங்குப்பம் பாலத்தையும் மரப்பாலம் சிக்னலையும் தாண்ட வேண்டிய அவசரம். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தலையசைப்பு. சாயங்காலம் திரும்பினால் கேட்டைத் திறக்கிற சத்தம், டி.வி. சத்தம், அப்புறம் தூக்கம்.

நான் மட்டும் எதிர்த் திசை. கடலூரில் வேலை. முள்ளோடையையும் ரெட்டிச்சாவடியையும் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலத்தையும் கடந்து, மஞ்சக்குப்பத்தில் இறங்குவேன். குடியிருப்பது புதுச்சேரி, சம்பளம் தமிழ்நாடு. ஆகஸ்ட் 16-ம் தேதியும் நவம்பர் 1-ம் தேதியும் புதுச்சேரிக்கு விடுமுறை. அந்த நாட்களில் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருக்க, நான் டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்பேன். அதற்கு நேர்மாறாக, சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அரையாண்டு விடுமுறையில் சேர்ந்து விழாத வருஷத்தில், எனக்கு மட்டும் ஒரு நாள் கிடைக்கும். இங்கே தெருவில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அப்படி ஒரு திருவாதிரை நாளில், களி கிண்டி இறக்கிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். மணி 11 இருக்கும். குடிவந்து எத்தனையோ வருஷம் ஆகியும், வேலை நாளில் அந்த நேரத்துத் தெருவை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். தேய்ப்புக்கார அண்ணன் வேப்ப மரத்தடியில் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டுப் பாட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் நேற்று வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொரியர் பையன் ஒரு பார்சலைத் தேய்ப்புக்கார அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போனான். யார் வீட்டில் யார் எப்போது வருவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டியின் முகம்கூட அதற்கு முன் சரியாகத் தெரியாது. என் தெருவில் நானே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஒரு நாள் அனுபவம், மறுநாள் பஸ். மறந்துதான் போனேன்.

2013-ல் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலை பத்தரை மணி. நான் வகுப்பில் இருக்கிறேன், என் வீட்டுக்காரர் பாண்டியில் ஆபீஸில். கூப்பிட்ட குரல் யாருக்குக் கேட்டது என்றால், தெருவில் மீன் விற்கிற அம்மாவுக்கு. கூடையை எங்கள் வாசல்படியில் இறக்கி வைத்துவிட்டு, தேய்ப்புக்கார அண்ணனைக் கூட்டிக்கொண்டு, பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து உள்ளே போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் தூக்கி, சாலைக்குக் கொண்டுவந்து, டெம்போவை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. இடுப்பு எலும்பு முறிவு. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் அவர்களிடம்தான் சொன்னார்.

இரவு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் அந்த அலுமினிய அன்னக்கூடை அப்படியே இருந்தது. மேலே போட்ட ஈரச்சாக்கு காய்ந்து விறைத்திருந்தது. உள்ளே சங்கராவும் மத்தியும் கெட்டுப்போய், படியெல்லாம் எறும்பு வரிசை. கோலத்தின் மேல் செதில்கள் ஒட்டிக்கொண்டு தெருவிளக்கில் மின்னின. அந்த அம்மாவின் ஒரு நாள் வியாபாரம், கடன் வாங்கிப் போட்ட முதல், அத்தனையும் அந்தக் கூடையில் கிடந்தது. மறுநாள் பணத்தை நீட்டினேன். "விடு டீச்சர், மீனு நாளைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாக நம் தெருவுக்கு வருகிறவர். எந்த ஊர் என்று நான் கேட்டதே அன்றைக்குத்தான். நல்லவாடு என்றார். நம் தெருவிலிருந்து கிழக்கே போனால் கடலோரத்தில் இருக்கிற ஊர்.

நல்லவாட்டைப் பற்றி இங்கே இருக்கிற இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைக்க உதவியிருந்தது. அலை எப்படி இருக்கும், காற்று எப்படி என்று மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டி.வி.யில் செய்தியைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டில் சொன்னது ஊருக்குப் போயிற்று. மையத்தை உடைத்துத் திறந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊரே மேட்டுப் பக்கம் ஓடித் தப்பியது. படகும் வலையும் வீடும் போயின, ஆட்கள் மிஞ்சினார்கள். மீன்கார அம்மா இதைச் சொல்லும்போது, "யாரு வூட்டுல யாரு இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சர், ஒருத்தரும் விட்டுப்போவல" என்றார். நான் அதற்கு என்ன சொல்வது? நம் நகரில் அன்றைக்கு யாராவது ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருந்தால், எந்த வீட்டுக்குள் நடக்க முடியாத ஒருவர் படுத்திருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது ஃபெஞ்சலுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. புயல் நம் பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வரை ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை. நம் கீழண்டைத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வார விடுமுறை என்பதால் நாம் எல்லாரும் வீட்டில் இருந்தோம். மோட்டார் வைத்து இறைத்தோம், தண்ணீர் திரும்ப வந்தது. அப்போது இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்கிற அக்கா ஒருவர் இடுப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்தார். இந்த மனைகள் எல்லாம் நெல் வயலாக இருந்தபோது இங்கே நடவு நட்டவர். "மடை இந்த வேப்ப மரத்துக்குப் பின்னாடிதான இருந்துச்சு, அதை ஏன் அடைச்சீங்க?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. லே-அவுட் வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை. அவர் காலால் தடவிக் காட்டிய இடத்தில் கடப்பாரையைப் போட்டோம். ஸ்லாபுக்குக் கீழே கட்டடக் கழிவும் பிளாஸ்டிக்கும். அதற்கும் கீழே பழைய வாய்க்கால். அள்ள அள்ள, மதியத்துக்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

அந்த இரண்டு நாளும் நம் நகர் அமைதியாக இல்லை. ஒரே அடுப்பில் பதினைந்து வீட்டுக்குக் கஞ்சி வைத்தோம். எனக்குத் தெரிந்து நம் நகர் ஓர் ஊராக இருந்தது அப்போதுதான்.

நான் அமைதிக்கு எதிரி இல்லை. இரவில் தவளைச் சத்தம் கேட்கிற இடத்தில் தூங்குவது பெரிய பாக்கியம். டவுனில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துவிட்டு வந்தவள் நான், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நாம் பாதிப் பேர் இந்த இடத்தை இருட்டில் மட்டும்தான் பார்க்கிறோம். பகலில் இதைக் காக்கிறவர்கள் இந்தச் சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லை. மனை வைத்திருப்பவர்தான் உறுப்பினர் என்று விதி எழுதியிருக்கிறோம். தேய்ப்புக்கார அண்ணனும், மீன்கார அம்மாவும், மடையைக் காட்டிய அக்காவும் அந்த விதிக்குள் வரமாட்டார்கள். இந்த விதியை மாற்றத் தீர்மானம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு நோட்டு. வேலை நாள் பகலில் வீட்டில் தனியாக இருக்கிறவர் யார், சாவி யாரிடம், அவசரத்துக்கு எந்த எண் என்று வீட்டுக்கு ஒரு பக்கம். அந்த நோட்டு தேய்ப்புக்கார அண்ணனிடம் இருக்கட்டும். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

அந்த வாய்க்காலில் போன மாதம் பார்த்தபோது மறுபடி குப்பை சேர ஆரம்பித்திருக்கிறது. கூட்டம் முடிந்து டீ குடித்ததும், இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அந்த அக்கா மரத்தடியில் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மடையிலிருந்து சாலைப் பாலம் வரை அவரோடு நடந்து பார்ப்போம். முள் கிடக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.