இஞ்சிக் கிழங்கு விரல்கள்

வணக்கம். நாளை மறுநாள் நம் ஊரில் கண் முகாம். வேலை செய்ய வந்திருக்கிற தம்பி தங்கைகளிடம் உற்சாகமாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். உற்சாகம் உங்களிடமே நிறைய இருக்கிறது. நான் ஒருவருடைய கைவிரல்களைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த பிள்ளை. உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று முடிவு கட்டினார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் போனார். அங்கே பிடித்துக்கொண்டது முடக்குவாதம்.

வயது முப்பதுகூட முழுதாக ஆகவில்லை. 1948இல் ராணுவம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நிற்க முடியாது, நடக்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுக்கிக்கொண்டன. பிரசவ வார்டில் மணிக்கணக்காக நிற்கிற வேலை இனி ஆகாது. சரி என்று கண் மருத்துவம் படிக்கப் போனார். யோசித்துப் பாருங்கள், நல்ல கையே நடுங்குகிற இடம் கண். தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டு, திரும்பத் திரும்பப் பழகினார். அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தன.

ஸ்ரீ அரவிந்தரிடமும் புதுச்சேரி ஆசிரமத்து அன்னையிடமும் அவருக்கு ஆழ்ந்த பக்தி. கும்பிட்டால் நோய் ஓடிவிடும் என்று மேடைகளில் யாராவது பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். அவருக்கு நோய் ஓடவில்லை. கடைசிவரை வலி இருந்தது, விரல்கள் நிமிரவேயில்லை. தான் செய்யும் வேலை தெய்வத்தின் வேலை, தான் அதற்கு ஒரு கருவி என்று நினைத்தார். காலையில் எழுந்ததும் வலியைப் பார்க்காமல் வரிசையில் நிற்கும் நோயாளியைப் பார்க்க அந்த நினைப்பு போதுமாக இருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவை நடத்தி, 58 வயதில் ஓய்வு பெற்றார். நம்மில் பலர் பென்ஷனை வாங்கிக்கொண்டு திண்ணையில் பேப்பர் படிக்கிற வயது (என்னையும் சேர்த்துத்தான்). அவர் 1976இல் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். குடும்பத்து நகைகள் அடகுக் கடைக்குப் போயின. தங்கை, மைத்துனர் என்று குடும்பமே கூட நின்று உழைத்தது.

பணம் இருப்பவர்கள் கட்டுகிற கட்டணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை. அதிலும் ஒரு சிக்கல். இலவசம் என்றாலும் கிராமத்து ஆட்கள் வரவில்லை. பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், கூட வருகிறவருக்குக் கூலி போகும். அதனால் ஊருக்கே வந்து முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களை வண்டியில் ஏற்றிப்போய், சோறு போட்டு, அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டாது என்று 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸ் செய்தார்கள். புரை அறுவைக்குப் பிறகு மாட்டுகிற சோடாபுட்டிக் கண்ணாடி நம் தெருக்களில் மறைந்தது அப்படித்தான்.

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கி வைத்தாள். அப்புறமும் தெரியவில்லை. கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் முகாமுக்கு வரமாட்டேன் என்று அடம். பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்து வண்டியில் கூடவே உட்கார்ந்த பிறகுதான் கிளம்பினாள். திரும்பி வந்து கட்டைப் பிரித்ததும் எங்களைப் பார்த்து அழுவாள் என்று காத்திருந்தோம். “வீட்டை இவ்வளவு அழுக்காவா வச்சிருந்தீங்க?” என்று எங்கம்மாவிடம் சண்டைக்குப் போனாள். சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, “இது யாருடி கிழவி?” என்றாள். மறுநாள் இன்னொரு கண்மலர் வாங்கிப் போய் வைத்துவிட்டு வந்தாள். ஆத்தாவுக்குப் பாதி, டாக்டருக்குப் பாதி என்று கணக்கும் சொன்னாள்.

ஆகவே தம்பிகளா, நோட்டீஸ் ஒட்டியதோடு நின்றுவிடாதீர்கள். வரமாட்டேன் என்று சொல்லும் வீட்டுக்கு இன்று சாயங்காலமே இரண்டு பேராகப் போங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையைக் கையோடு கொண்டுவரட்டும். வண்டியில் ஒவ்வொரு கிழவி பக்கத்திலும் ஓர் ஆள் உட்காருங்கள். வணக்கம்.