வயிற்றுக்குள் சில மடைகள்

வணக்கம். "எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாமே நார்மல்னு சொல்றாங்க டாக்டர். அப்புறம் ஏன் சாப்பிட்டு எழுந்ததும் வயிறு முறுக்குது?" தடித்த ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு இப்படிக் கேட்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பலருக்கு இருப்பது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்கிற குடல் தொல்லை. புண் இருக்காது, கட்டி இருக்காது. வலி மட்டும் நிஜம்.

நரம்போ தசையோ, எந்தச் செல்லை எடுத்தாலும் அதன் சவ்வில் புரதத்தாலான மடைகள் உண்டு. மடை திறந்தால் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பு சேதி அனுப்பும், தசை சுருங்கும். ஏரிப்பாசனம் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

மிளகாய்க் காரத்துக்குத் திறக்கும் மடையை 1997இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். டிஆர்பிவி1 என்று பெயர். சூட்டுக்கும் அதே மடைதான். காரம் 'எரிவது' அதனால்தான். 2008இல் லண்டன் ஆய்வாளர்கள் ஐ.பி.எஸ். உள்ளவர்களின் பெருங்குடல் திசுவைப் பார்த்தபோது, இந்த மடை கொண்ட நரம்பிழைகள் மற்றவர்களுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு இருந்தன. ஸ்கேன் காட்டாத சங்கதி இது. ஒரே காரக்குழம்பு பக்கத்து இலைக்காரரை விட்டுவிட்டு இவரை மட்டும் ஏன் படுத்துகிறது என்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்தது.

இந்த வலிக்குத் தரும் பெப்பர்மின்ட் மூலிகைக்கு வருவோம். பெப்பர்மின்ட் மிட்டாயைச் சப்பிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், ஜில்லென்று இறங்கும். தண்ணீர் பானையில் இருந்த அதே தண்ணீர்தான். பெப்பர்மின்ட்டில் உள்ள மெந்தால் போய்க் குளிரை உணரும் மடையைத் திறந்துவிட்டது. டிஆர்பிஎம்8 என்ற அந்த மடையை 2002இல் ஜூலியஸும் இன்னொரு விஞ்ஞானி ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 2021இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்தே வந்தது. குடலில் மெந்தாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தசையின் கால்சியம் மடையை அது அடைக்கும், முறுக்கு தளரும். ஐரோப்பாவில் வயிற்றுவலிக்குப் பெப்பர்மின்ட் காய்ச்சிக் கொடுத்த பாட்டிகளுக்கு மடையெல்லாம் தெரியாது. கை மட்டும் சரியான இலையைப் பறித்திருக்கிறது.

ஆனால் மருந்தாகத் தரும் பெப்பர்மின்ட் எண்ணெய் எங்கே கரைகிறது என்பதில்தான் விஷயம். உணவுக்குழாயின் அடிவாயையும் அது தளர்த்திவிடும், அமிலம் மேலேறும். அதனால்தான் இரைப்பை தாண்டிக் கரையும் உறையில் அடைத்துத் தருகிறோம். விழுங்க வராமல் அதைக் கடித்து மென்றுவிட்டு, "நெஞ்செல்லாம் தீயா எரியுது சார்" என்று வந்த அம்மாவை நான் மறக்கவில்லை.

குணமாகுமா? நெதர்லாந்தில் 190 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். வலி குறைவதற்கு வைத்திருந்த முதன்மை அளவுகோலில் எண்ணெய் தேறவில்லை. சிறுகுடலில் கரையும் கேப்ஸ்யூல் மட்டும் துணை அளவுகோல்களில் வலியைக் கொஞ்சம் தணித்தது. இன்னும் கீழே போய்க் கரையும் வகையால் அதுவும் இல்லை. முறுக்கு வலிக்கு முயன்று பார்க்கலாம். அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவை இருந்தால் எந்த மூலிகையும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

"அப்போ தினம் புதினா சட்னி போதுமா?" என்பார்கள். நம் சந்தைப் புதினா பெரும்பாலும் வேறு இனம். அதன் வாசனை கார்வோன் என்ற வேறொரு பொருள் தருவது. மெந்தால் மிகச் சொற்பம். சட்னியைச் சட்னியாகவே சாப்பிடுங்கள், பச்சை மிளகாயை மட்டும் ஒன்று குறைத்து.