ஒரே முகத்தில் ஐந்து பெண்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி உணவகத்தில் ஒரு மாணவன் நிற்கிறான். "யாக்கினிக்கு சாப்பாடு ஒன்று, யாக்கினிக்கு வேண்டாம்" என்கிறான். யாக்கினிக்கு என்றால் சுட்ட இறைச்சி. இறைச்சிச் சாப்பாட்டில் இறைச்சியைக் கழித்தால் விலை வெறும் சோற்றின் விலைக்கு இறங்கிவிடும்; மிசோ சூப்பும் ஊறுகாயும் மட்டும் மிச்சமாகத் தட்டில் வந்து உட்காரும். கையில் காசில்லாமல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

அவன் பெயர் ஊயெசுகி ஃபூதாரோ. தேர்வுத்தாளில் நூற்றுக்கு நூறு, வீட்டில் அப்பாவின் கடன். அதே மேசைக்குத் தட்டு வழியப் பண்டங்களோடு ஒரு புது மாணவி வருகிறாள். "இவ்வளவு தின்றால் குண்டாகிவிடுவாய்" என்று வாயை விடுகிறான். சற்று நேரத்தில் அவனுக்கு ஒரு டியூஷன் வேலை கிடைக்கிறது. வழக்கமான சம்பளத்தைப் போல ஐந்து மடங்கு! மாணவி, சற்றுமுன் குண்டாகிவிடுவாய் என்றானே, அவளேதான். ஐந்து மடங்கு ஏன் என்பது பிறகு தெரிகிறது: அவளோடு ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் இன்னும் நால்வர்.

நெகி ஹருபா எழுதி வரைந்த 'கோதோபுன் நோ ஹனயோமே' இப்படித் தொடங்குகிறது. ஐந்து சம பங்காக்கிய மணமகள் என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். 2017 ஆகஸ்டிலிருந்து 2020 பிப்ரவரி வரை வார இதழில் வந்து, 122 அத்தியாயங்களில், 14 தொகுதிகளில் முடிந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. இச்சிகா, நினோ, மிகு, யொட்சுபா, இட்சுகி என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள் அந்தச் சகோதரிகளின் பெயர்களிலேயே ஒளிந்திருக்கின்றன. ஃபூதாரோ வைக்கும் முதல் தேர்வில் ஐவரின் மதிப்பெண்களையும் கூட்டினால் சரியாக 100 வருகிறது. ஒருத்திக்குத் தெரிந்த விடை மற்றவளுக்குத் தெரியாது. ஐந்து முட்டாள்களைச் சேர்த்தால் ஒரு முதல் மாணவி! நான் படித்த பள்ளி நகைச்சுவைகளில் இதைவிடச் சிக்கனமான பாத்திர அறிமுகம் நினைவில் இல்லை.

ஒரு பையனைச் சுற்றிப் பல பெண்கள் என்ற இந்த வகைக் கதைக்கு ஜப்பானில் 'ஹாரெம்' என்று பெயர். அந்தப்புரம் என்று மொழிபெயர்த்தால் தவறான படம் மனத்தில் வந்துவிடும். அந்தப்புரத்து அரசன் அதிகாரம் உள்ளவன்; இந்தக் கதாநாயகனோ கையைத் தொட்டாலே தடுமாறி விழுகிறவன். பல பெண்கள் அவனை விரும்புவார்கள், அவன் யாரையும் தேர்ந்தெடுக்கமாட்டான். படிப்பவர்கள் அவனைக் கோழை என்று திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன், ஏனென்றால் தயக்கம் அவனுடையதன்று, வார இதழுடையது. அவன் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னால் மறுவாரம் கதை இல்லை. 'தொடரும்' என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தொழில் நமக்குப் புரியாததா?

ருமிகோ தகாஹாஷியின் 'உருசெய் யாட்சுரா' என்ற மங்கா 1978-இல் தொடங்கி 1987 வரை ஓடியது. வேற்றுக்கிரகப் பெண் லம், பெண்பித்தனான பள்ளி மாணவன் அதாருவைத் தன் கணவன் என்றே சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கடைசி அத்தியாயத்திலும் அவன் "உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்வதில்லை. வாழ்நாள் முழுக்க ஆனாலும் சொல்ல வைப்பேன் என்கிறாள் அவள். சாகும்போது சொல்கிறேன் என்கிறான் அவன். தள்ளிப்போடுவதையே காதல் மொழியாக்கிய மேதைமை அது. பின்னால் வந்தவர்கள் தள்ளிப்போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020-இல் முடிந்த 'போகுதாச்சி வா பென்க்யோ கா தெகினாய்' என்ற மங்கா ஐந்து நாயகிகளில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு மற்ற நால்வருக்கும் தனித்தனி முடிவு எழுதியது. யார் மனமும் புண்படவில்லை. என் மனத்தில் எதுவும் தங்கவுமில்லை.

ஹருபா முதல் அத்தியாயத்திலேயே திருமணத்தைக் காட்டிவிடுகிறார். மணமகன் தன் பள்ளி நாட்களை நினைத்துப்பார்க்கிறான். ஐவரில் ஒருத்தி மணமகள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். முடிவு உறுதியாகிவிட்டதால் இழுத்தடிப்பு புதிராகிவிடுகிறது. இந்த வகை மங்காக்களில் தலைமுடியையும் உடலமைப்பையும் மாற்றி மாற்றி வரைந்துதான் பெண்களை வேறுபடுத்துவார்கள். இங்கே ஐவருக்கும் முகம் ஒன்று. மிகுவின் ஹெட்போன், யொட்சுபாவின் ரிப்பன், இட்சுகியின் நட்சத்திரக் கொண்டை ஊசி, இவற்றைக் கழற்றிவிட்டால் யார் யார் என்று தெரியாது. ஒருத்தி மற்றவளாக வேடமிட்டு வருவாள். அவன் ஏமாறுவான், நாமும் ஏமாறுவோம். அன்பிருந்தால் அடையாளம் தெரியும் என்பது அவர்கள் குடும்பத்துச் சொல். "யாரை விரும்புகிறாய்" என்ற பழைய கேள்வி, "எங்களில் யார் என்று உனக்குத் தெரிகிறதா" என்று மாறுவது இப்படித்தான். படிப்பே தவிர வேறெதையும் பார்க்காத ஒருவனுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. குளியலறைக் கதவு தவறுதலாகத் திறந்துகொள்ளும் அந்தப் பழைய காட்சி இதிலும் உண்டு, எனக்கு அலுத்துவிட்டது. மூன்றாவது பள்ளி ஆண்டின் கலைவிழாவில் அவன் தன் முடிவைச் சொல்லும் பகுதியும் கொஞ்சம் அவசரம்தான்.

மணமகள் யார் என்று முன்வரிசையில் ஒரு தம்பி அப்போதிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். சொல்லமாட்டேன், தம்பி. திருமண நாளன்று ஐவரும் ஒரே மாதிரி மணப்பெண் உடையணிந்து அவன் முன்னால் வரிசையாக வந்து நிற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ரிப்பன் இல்லை, ஹெட்போன் இல்லை. அவன் ஒவ்வொருத்தியாகப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்குகிறான்.