தடை போட்ட ஆட்சிக்குழுவும் ஊர் மன்றத்தின் தீர்மானமும்

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக மையங்கள் வழக்காடக் கூடாது என்ற தடையை எதிர்த்து ஓர் ஊர் மன்றம் எப்படித் தீர்மானம் போடலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2017 செப்டம்பர் 8 அன்று மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 3. பல்கலைக்கழக மையங்கள் இனி யார் சார்பிலும் வழக்குத் தொடரக் கூடாது, யாருக்கும் வழக்கறிஞராக நிற்கவும் கூடாது. எல்லா மையங்களுக்கும் பொதுவாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அடி விழுந்தது, இனப் பாகுபாட்டை எதிர்த்து மக்களுக்காக வழக்காடிவந்த சேப்பல் ஹில் சட்டக் கல்லூரியின் சிவில் உரிமை மையத்தின் மேல்.

அந்த மையத்தை 2001இல் தொடங்கியவர் ஜூலியஸ் சேம்பர்ஸ். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சார்லட் வழக்கை நடத்தியவர். இடையில் அவர் வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். வழக்கை அவர் விடவில்லை.

தடைக்குச் சொன்ன காரணம் என்ன? அரசின் ஒரு கை இன்னொரு கையின் மேல் வழக்குப் போடலாமா என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மையம் பிட் மாவட்டப் பள்ளி வாரியத்தோடு வழக்காடியது. குப்பைக் கிடங்கு விரிவாக்கத்துக்காக பிரன்ஸ்விக் மாவட்டத்தையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. இரண்டும் உள்ளாட்சி அமைப்புகள். ஆனால் "உங்களைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை" என்று ஆட்சிக்குழு சொல்லும்போது, "அந்தக் காவல் எங்களுக்கு வேண்டாம்" என்று ஓர் ஊர் மன்றமே எழுதிக் கொடுத்தால்? நூறு பேராசிரியர்கள் கையெழுத்திட்ட மனுவைவிட அதற்கு எடை அதிகம், ஏனென்றால் நாளைக்கு எதிர்வாதியாக நிற்கக்கூடியவர் பேசுகிறார்.

ராஜர்ஸ் ரோடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சேப்பல் ஹில்லை ஒட்டிக் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1972இல் பக்கத்திலேயே குப்பைக் கிடங்கைத் திறந்தார்கள், 2013இல்தான் மூடினார்கள். அந்த மக்களுக்கான பரிகாரச் செலவை ஆரஞ்சு மாவட்டமும் சேப்பல் ஹில்லும் ஆளுக்கு 43 விழுக்காடு, பக்கத்து ஊரான கார்பரோ 14 விழுக்காடு என்று பங்கிட்டுக்கொண்டன. எப்படியும் ஊர்க் கருவூலம்தான் கொடுத்தாக வேண்டும். நாற்பது ஆண்டு தள்ளிக் கொடுத்தால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதைப் பட்டறிந்த மன்றத்துக்கு வழக்கறிஞர் மேல் பகை இருக்கக் காரணமில்லை.

இனி தீர்மானம் எழுதும் முறை. "சமூக நீதிக்கு ஆதரவளிக்கிறோம்" என்ற வரி குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். எந்த விதி, அதில் எந்தப் பிரிவு, எந்தச் சொற்றொடரை நீக்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். "எங்கள் ஊர் வழக்கில் எதிர்வாதியாக நின்றாலும் இதே நிலைதான்" என்ற வாக்கியம் கட்டாயம் வேண்டும். அது இல்லாத தீர்மானத்துக்குப் பல்லில்லை. ஆட்சிக்குழு வாக்கெடுப்புக்கு முன்பே மன்றச் செயலர் சான்றளித்த படிகள் ஒவ்வோர் உறுப்பினருக்கும் போய்ச் சேர வேண்டும். பிந்தி வந்தால் அது இரங்கல் கடிதம்.

மையத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் மன்ற உறுப்பினராகவும் இருந்தால், வாக்கெடுப்பிலிருந்து முறைப்படி விலக்குப் பெற வேண்டும். சும்மா வாய்மூடி உட்கார்ந்திருந்தால் போதாது. வட கரோலினா நகரச் சட்டப்படி, விலக்குப் பெறாத உறுப்பினர் கூட்டத்தில் இருந்துகொண்டு வாக்களிக்காவிட்டால் பெரும்பாலும் அது ஆதரவு வாக்காகவே பதிவாகும். எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

நகராட்சி நிதி கொடுத்தால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. மையம் பெரும்பாலும் தனியார் நன்கொடையில்தான் நடந்தது. பறிபோனது பணமல்ல, அனுமதி. சட்டக் கல்லூரிகளின் கிளினிக்குகளுக்கு, அதாவது மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் வழக்குகளைக் கையாளும் பிரிவுகளுக்கு, விதியிலேயே விலக்கு இருந்தது. ஆனால் கிளினிக் என்பது முதலில் மாணவர் பயிற்சி. பத்தாண்டு இழுக்கும் பள்ளி வழக்கை அந்த வேகத்தில் நடத்த முடியாது. மையத்தின் வழக்கறிஞர்கள் வெளியேறி, சேம்பர்ஸ் பெயரிலேயே தனி அமைப்பு தொடங்கினார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2006 முதல் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் அலுவலகத்தோடு யேல் சட்டக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அங்கே வாதியே நகரம்தான். அரசின் கை அரசை அடிக்கிறது என்ற பேச்சே எழாது. ஆனால் நகரம் தன்மேலேயே வழக்குப் போட்டுக்கொள்ளாது. ஊர் நிர்வாகமே குப்பையைக் கொண்டுவந்து கொட்டினால், அந்த ஏற்பாட்டில் குடியிருப்பவர்களுக்காக நிற்க ஆளில்லை.